ஏற்காட்டு மாடிக்கு வந்த கடற்கரைச் சமையற்கட்டு

வாங்கலாமா வேண்டாமா என்று மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு: முழு செட்டாக வாங்காதீர்கள். இதில் சில சாமான்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், சிலவற்றைத் திருத்தித்தான் வேலை வாங்க வேண்டும், மிச்சமெல்லாம் போட்டோவுக்கு அழகு. எது எந்த ரகம் என்பதுதான் விஷயம்.

வாங்கியது நானில்லை, என் சம்பந்தி. ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டி அவருக்கு ஒரு வீடு. சரிவில் கட்டியது என்பதால் கீழ்த்தளத்தின் கூரைதான் மேல்தளத்துக்கு முற்றம். நல்ல அகலமான மாடி. அங்கே போடத்தான் ஒரு கம்பெனியின் ‘மத்தியதரைக்கடல் திறந்தவெளிச் சமையற்கட்டு’ செட்டை எடுத்தார். கேட்லாக்கில் நீலக் கடல், வெள்ளைச் சுவர், ஓர் ஆலிவ் மரம், அதன் நிழலில் அடுப்பு. மூடி போட்ட நான்கு பர்னர் கேஸ் கிரில், தட்டையான இரும்புக் கல், தனி பர்னர் ஒன்று, சிங்க், சின்ன ஃபிரிட்ஜ், விறகில் எரியும் பீட்சா அடுப்பு, இத்தனையும் உட்காரும் ஸ்டீல் மேடை, மேலே வெள்ளைக் கல், தலைக்கு மேல் அலுமினியப் பட்டைக் கூரை. ஏற்றுக்கூலி, பொருத்துக்கூலி எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சத்தைத் தொட்டது. கம்பெனியின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி செட்டைப் பல பேர் விற்கிறார்கள், கேட்க வேண்டிய கேள்வி எல்லோரிடமும் ஒன்றுதான்.

இதில் பேச எனக்கு என்ன யோக்கியதை என்றால், சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பல வருஷம் பட்டறை வைத்திருந்தவன். மெஸ், ஹாஸ்டல், கல்யாண மண்டபம் என்று இட்லி பாய்லரும் மாவு மேசையும் தோசைக்கல் அடுப்பும் அடித்துக் கொடுத்த கை. இப்போது பட்டறையைப் பையன் பார்க்கிறான். வெயில் காலத்தில் நானும் வீட்டம்மாவும் பாதி நாள் சம்பந்தி வீட்டில்தான்.

முதலில் ஸ்டீல். சாமான் வந்து இறங்கியதும் சம்பந்தி செய்த முதல் காரியம், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வந்து மேடையில் வைத்துப் பார்த்தது. “ஒட்டலைங்க சம்பந்தி, அப்போ அசல் 304 தானே?” என்றார். 304, 202, 316 எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் ரகங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ரகம் என்ற நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. மலிவான 202 ஷீட்டிலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். காந்தத்தை வைத்து 304-ஐயும் 202-ஐயும் பிரிக்கவே முடியாது. பட்டறைக்காரர்கள் சொட்டு மருந்து விட்டு, சின்ன பேட்டரியைத் தொட்டு, நிறம் மாறுவதைப் பார்ப்பார்கள். அந்த மருந்து என் பையில் இருந்தது. பார்த்ததில் கம்பெனிக்காரர் சொன்ன சொல் சுத்தம். 304-க்கும் ஒரு படி மேலான 316 ஷீட், பொய் இல்லை.

304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316-இல் அதோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். அந்த மாலிப்டினத்துக்குத்தான் விலை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேல் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று இருக்கும். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகக் குத்தி உடைத்துவிடும். மத்தியதரைக்கடல் ஓரத்தில் இது பெரிய தலைவலி. ஏனென்றால் அங்கே கோடையில் மாதக்கணக்கில் மழையே இருக்காது, குளிர்காலத்தில்தான் மழை. காற்று கொண்டுவந்து அப்பும் உப்பைக் கழுவிவிட வானத்திலிருந்து சொட்டுத் தண்ணீர் கிடையாது. டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு படரும். இதில் ஒரு வேடிக்கை, வெட்டவெளியில் இருக்கும் ஸ்டீலைவிடக் கூரைக்கு அடியில் பத்திரமாக இருக்கும் ஸ்டீல்தான் சீக்கிரம் கறை பிடிக்கும். மழை எப்போதாவது பெய்தாலும் அதன் மேல் படாதே. அதனால் அந்த ஊர்க்காரர்கள் நல்ல தண்ணீர் விட்டு அடிக்கடி கழுவித் துடைக்கிறார்கள். அவர்களுக்கு 316 நியாயமான செலவு.

ஏற்காட்டுக்கு எதற்கு? மலையில் பனி உண்டு, ஈரம் உண்டு, உப்புக் காற்று இல்லை. 304 தாராளமாகப் போதும். கஞ்சமலை அடிவாரத்தில் 1981-லிருந்து ஸ்டெயின்லெஸ் உருட்டுகிற ஆலையை வைத்துக்கொண்டு, சேலத்துக்காரன் கடல் தாண்டி வந்த ஷீட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அதே சமயம் மலிவு என்று 202-க்கும் இறங்கிவிடாதீர்கள். மூடுபனியில் நனைந்து நனைந்து இரண்டு மழைக்காலத்தில் முகம் மாறிவிடும். இன்னொன்று, கடல் உப்பு இல்லாவிட்டாலும் நம் கை உப்பு இருக்கிறது. மீன் கழுவிய கல்லுப்பை மேடையில் ஈரத்தோடு விட்டால் 304-லும் புள்ளி விழும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைக் கொண்டு தேய்த்தால் அன்றைக்கே கருத்துவிடும். வேலைக்கு வரும் அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டிய விஷயம் இது.

ஆனால் கைவேலையைக் குறை சொல்ல மாட்டேன். மேடைக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நம் ஊரில் பல பட்டறைகளில் வெளியே தெரியும் ஜாயின்டை மட்டும் பஃப் அடித்துப் பளபளப்பாக்கிவிட்டு உள்பக்கம் வெல்டிங் கறுப்பை அப்படியே விட்டுவிடுவோம். துரு அங்கிருந்துதான் கிளம்பும். இதில் உள்ஜாயின்ட்டும் ஆர்கான் வெல்டிங், கறுப்பு முழுக்க எடுத்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள். ஓரங்களை உள்ளே மடித்திருப்பதால் துடைக்கும்போது கையைக் கிழிக்காது. மேசை விளிம்பில் சொட்டும் தண்ணீர் கதவுக்குள் போகாமல் நேராகக் கீழே விழ ஒரு சின்ன மடிப்பு. என் பையனை வரச் சொல்லி இதைப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அடுத்தது கேஸ் அடுப்பு. இங்கேதான் கதையே.

பொருத்தியவர்கள் பற்றவைத்துக் காட்டியபோது தீ மஞ்சளாக, நாக்கு நீட்டிக்கொண்டு எரிந்தது. வெந்நீர் வைத்த பாத்திரத்தின் அடி ஒரே கரி. “சிலிண்டர்ல ஏதோ கலப்படம் சார், வேற மாத்திப் பாருங்க” என்றார் வந்த பையன். வேறு சிலிண்டர் மாற்றியும் அதே மஞ்சள். ரெகுலேட்டரைப் பார்த்தேன், சரியாக இருந்தது. அந்த ஊர் அடுப்புகளும் நம் வீட்டுச் சிலிண்டர் ரெகுலேட்டரும் ஏறக்குறைய ஒரே அழுத்தம்தான், 30 மில்லிபார் பக்கம். அப்புறம் என்ன கோளாறு?

கோளாறு அடுப்பில் இல்லை, உயரத்தில். கடற்கரைக்கு என்று செய்த பர்னர் கடல் மட்டத்துக் காற்றைக் கணக்கில் வைத்து அமைத்தது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இங்கே குறைவு. ஜெட் என்கிற சின்னத் துளை வழியே வரும் கேஸ் பெரிதாகக் குறையாது, அதோடு கலக்க வேண்டிய காற்று குறைந்துவிடும். காற்று போதாவிட்டால் தீ மஞ்சள், பாத்திரம் கரி. பர்னர் குழாயின் வாயில் ஜெட்டுக்குப் பக்கத்தில் ஒரு வளையத் தகடு இருக்கும். அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வாயை அகலமாக்கினேன். மஞ்சள் நாக்கு சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் தீ பர்னரை விட்டு எழும்பித் துடித்தது, அது காற்று அதிகமாகிவிட்டதற்கு அடையாளம். ஒரு நூல் பின்னுக்குத் திருப்பினேன். நீலம் நின்றது, உஸ் என்ற சத்தமும் சீரானது. ஸ்க்ரூவை முறுக்கினேன். நான்கு பர்னருக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். தீ சீராகிவிட்டாலும் முறைப்படி பார்த்தால் ஜெட்டையும் ஒரு சைஸ் சின்னதாக மாற்ற வேண்டும். அதைக் கேட்டுக் கம்பெனிக்கு எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை. மலையேறி வந்து பொருத்துகிற ஆளுக்கு இந்த வேலை தெரிந்திருக்க வேண்டாமா?

ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இது இன்னும் அதிகமாகவே பொருந்தும். வாங்கும் முன்பே “எங்க ஊர் இத்தனை மீட்டர், அதற்கேற்ற ஜெட் இருக்கா?” என்று கேட்டுவிடுங்கள். இன்னொன்று, தீ பத்தவில்லை என்று ஹோட்டல் அடுப்புக்குப் போடும் ஹை பிரஷர் ரெகுலேட்டரை மட்டும் மாட்டிவிடாதீர்கள். இந்தப் பர்னர்கள் அதற்குச் செய்தவை அல்ல. தண்ணீரே ஏற்காட்டில் 95 டிகிரியில் கொதித்துவிடுகிறது என்பதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகத்தான் ஆகும். அது அடுப்பின் குற்றமில்லை, குக்கரை எடுங்கள்.

சிலிண்டர் அலமாரி விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வந்தது. மேடைக்கு அடியில் நான்கு பக்கமும் மூடிய ஓர் அறை, மேல் பக்கம் மட்டும் அழகாக நான்கு கீறல் துளை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகத் தேங்கும். அடியில் துளை இல்லாத அலமாரிக்குள் சிலிண்டரை வைப்பது ஆபத்தை வாடகைக்குக் குடிவைப்பதுதான். கூடவே, சிலிண்டரை வீட்டுக்குள் வைத்து நீளமான டியூபைச் சுவரில் துளை போட்டு இழுத்துவிடலாம் என்று இன்னொரு யோசனை வேறு சொன்னார்கள். கேஸ் கம்பெனிகள் கொடுக்கும் ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் கிடையாது, அதையும் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். ஒட்டுப் போட்டு நீட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. கடைசியில் பட்டறையிலிருந்து ஆள் வரவழைத்து, அலமாரியின் அடிப்பலகையிலும் கதவின் கீழ்ப்பக்கத்திலும் பெரிய துளைகளாகப் போட்டு, பூச்சி போகாமல் வலை அடித்தோம். அரை நாள் வேலை. ஒன்பது லட்சம் வாங்கியவர்கள் இதைச் செய்திருக்க வேண்டும்.

காற்றுத் திசையையும் பார்க்க வேண்டும். மூடி போட்ட கிரில்லுக்குச் சூடு வெளியேறும் வாய் பின்பக்கம் இருக்கிறது. பின்னாலிருந்து பலமாகக் காற்றடித்தால் சூடு முன்பக்கம் திரும்பி, திருகும் குமிழைத் தொட முடியாது. தெற்கு பிரான்ஸில் மிஸ்ட்ரால், கிரேக்கத் தீவுகளில் மெல்டெமி என்று பேர் வைத்துப் பயப்படும் காற்றுகள் உண்டு. அங்கே காற்று வரும் பக்கம் சுவர் எழுப்பி அந்த மறைவில்தான் அடுப்பு வைக்கிறார்கள். நம் ஆட்கள் படத்தில் இருந்தது போலக் கைப்பிடிச் சுவருக்கு முதுகு காட்டி வைத்துவிட்டுப் போனார்கள். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று அந்தக் கைப்பிடிச் சுவரைத் தாண்டித்தான் வருகிறது. மேடையைப் பக்கவாட்டாகத் திருப்பி வைத்த பிறகுதான் நிம்மதி.

சரி, குறையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த செட்டில் தங்கமான சாமான் அந்த இரும்புக் கல். ஸ்பெயினில் பிளாஞ்சா என்பார்கள். கனமான தட்டை இரும்பு, அடியில் இரண்டு வரிசைத் தீ, முன்பக்கம் எண்ணெய் வடியப் பள்ளம், அதற்குக் கீழே இழுத்து எடுக்கும் தட்டு. நம் ஹோட்டல் தோசைக்கல்லை அடித்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், கல்லின் நடுவுக்கும் ஓரத்துக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், நான்கு மூலையிலும் ஒரே மாதிரி உருண்டு ஓடியது. இதை நம் ஆட்கள் லேசில் கொண்டுவர முடியாது.

முதல் வாரமே என் மகள் அதில் தோசை ஊற்ற ஆரம்பித்துவிட்டாள். ஒரு பக்கம் பேரனுக்குப் பொடி தோசை, மறு பக்கம் மாப்பிள்ளைக்கு முட்டை தோசை, நடுவில் வெங்காயம் வதங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி மேட்டூரிலிருந்து அணை மீன் கொண்டுவரச் சொன்னார். நல்ல ஜிலேபி. தோட்டத்து மிளகை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டி, பூண்டு, உப்பு, எலுமிச்சை மட்டும் தடவினோம். வீட்டுக்குள் மீன் பொரித்தால் மூன்று நாளைக்குத் திரைச்சீலையில் வாசம் இருக்கும், சம்பந்தியம்மாவுக்கு அது ஆகவே ஆகாது. இங்கே புகை அத்தனையும் சில்வர் ஓக் மரத்துப் பக்கம் போய்விட்டது. கல்லில் போட்டதும் தோல் ஒட்டிக்கொண்டது. உடனே கரண்டியை விடாமல் பொறுத்திருந்தால் தோல் முறுகித் தானாக விட்டுவிடும். அப்போது திருப்ப வேண்டும். ஸ்பெயினில் மாலகா கடற்கரையில் மத்தி மீனை நாணல் குச்சியில் வரிசையாகக் கோத்து, மணலில் குத்தி நிறுத்தி, விறகுத் தணலின் பக்கவாட்டுச் சூட்டிலேயே வாட்டுவார்கள். அது வேறு இனம் என்றாலும், அதற்கு உறவான நம் மத்தி கேரளக் கரையிலிருந்து மார்க்கெட்டுக்கு வருகிறது. இந்தக் கல்லில் மத்தி போட்டால் அதன் எண்ணெயே போதும்.

கல்லுக்கு ஒரே ஒரு பராமரிப்பு. சமைத்து முடித்துச் சூடு ஆறுவதற்குள் சுரண்டித் துடைத்து, நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ மெல்லிசாகத் தடவி மூட வேண்டும். ஒரு ராத்திரி மூடுபனியில் சும்மா விட்டாலே காலையில் செம்மண் நிறம் ஏறிவிடும்.

கிரில்லுக்கு வருவோம். நான்கு பர்னர் கிரில் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கரியில் வாட்டிய ருசி கேஸில் வராது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து வரும் சீமைக் கருவேலங் கரி மூட்டை சேலத்தில் சுலபமாகக் கிடைக்கிறது, நின்று எரியும். ஒரு சாதாரணக் கரி அடுப்பு இருந்தால் இந்தக் கிரில்லின் வேலையில் முக்கால்வாசி முடிந்துவிடும்.

பீட்சா அடுப்பு பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் கனம். பெட்டியைத் தூக்கவே ஒரு லாரி ஆட்கள் வேண்டியிருந்தது. செங்கல் அடுப்பும் அதன் பீடமுமாகச் சேர்த்தால் 700 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம் என்றுதான் கணக்குப் போட்டுக் கட்டுகிறார்கள். மத்தியதரைக்கடல் ஊர்ப் படங்களில் பார்க்கும் மாடித்தோட்டங்கள் பல மலைச்சரிவை வெட்டிக் கல் அடுக்கித் தளமாக்கிய இடங்கள், அடியில் மண்தான். அங்கே எந்தக் கனத்தையும் வைக்கலாம். கூரையின் மேல் வைப்பதாக இருந்தால் இன்ஜினியரைக் கேட்காமல் வைக்கவே கூடாது. சம்பந்தி கேட்டார். தூணுக்கும் பீமுக்கும் நேர் மேலே ஒரு மூலையைக் காட்டி, அங்கே மட்டும் என்றார் அவர். கேட்லாக்கில் நடுநாயகமாக இருந்த அடுப்பு இங்கே மூலைக்குப் போனது அப்படித்தான்.

அடுப்பின் உள்ளே சூட்டுக்கல் பற்றிச் சம்பந்தியின் மச்சானுக்கு ஒரு சந்தேகம். சேலத்திலிருந்து ஓமலூர் போகும்போது வெள்ளை வெளேரென்று தெரிகிறதே மேக்னசைட் கரடு, அந்தக் கல்லில் செய்த செங்கல் ஸ்டீல் உலையையே தாங்குகிறது, அதைவிட்டு எதற்கு வெளியூர்க் கல் என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் மேக்னசைட் செங்கல் ஓயாமல் எரியும் பெரிய உலைக்கு. சூட்டில் நன்றாக விரியும். தினமும் சூடாகி ஆறுகிற அடுப்பில் போட்டால் வெடித்துச் செதில் செதிலாக உதிரும், ஈரமும் அதற்கு ஆகாது. இந்த மாதிரி அடுப்புக்குச் சூடு தாங்கும் களிமண்ணில் செய்த சாதாரண ஃபயர்கிளே செங்கல்தான் சரி. அதுவும் உள்ளூரிலேயே கிடைக்கிறது, கொத்தனார் தெரிந்தவராக இருந்தால் போதும்.

நேப்பிள்ஸ் பாணி பீட்சாவுக்கு அடுப்பின் தளம் 430 டிகிரியைத் தொட வேண்டும், தொட்டுவிட்டால் ஒன்றரை நிமிஷத்துக்குள் வெந்துவிடும். தொடுவதற்குத்தான் ஒன்றரை, இரண்டு மணி நேரம் விறகு போட வேண்டும். விறகுக்குப் பஞ்சமில்லை. அந்த ஊரில் திராட்சைக் கொடியின் கவாத்துக் குச்சியைப் போடுவார்கள் என்றால், இங்கே காபிச் செடியின் கவாத்து. நன்றாகக் காய்ந்த காபி விறகு தணல் கட்டி நிற்கும். ஆனால் நான்கு பேருக்கு நான்கு பீட்சா சுட இத்தனை விறகா என்று வீட்டம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. சூடு வீணாகக் கூடாது என்று அவளே ராத்திரி மண்சட்டியில் காராமணியைத் தண்ணீர் விட்டு உள்ளே தள்ளி மூடிவைத்தாள். இத்தாலியிலும் அவரை விதையை இப்படித் தணிந்த சூட்டில் விடிய விடிய வேகவைப்பதுண்டு. காலையில் காராமணி பூவாக வெந்திருந்தது. உண்மையைச் சொன்னால் அந்தக் காராமணி பீட்சாவைவிட நன்றாக இருந்தது.

மழைக்காலத்தில் இந்த அடுப்பு ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். நனைந்த அடுப்பில் எடுத்த எடுப்பிலேயே பெருந்தீ போட்டால் உள்ளே நீராவி முட்டி விரிசல் விடும். ஒரு மழைக்குப் பிறகு மெல்லிய கீறல்கள் தெரிந்தன. அதிலிருந்து சின்னச் சின்னத் தீயாக மூட்டி, நிதானமாகக் காயவைத்துத்தான் வேலை வாங்குகிறோம். அடிக்கடி பத்துப் பேருக்கு மேல் கூடும் வீடு என்றால் வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தப் பணத்தில் கூரையை ஒழுங்காகப் போடுங்கள்.

ஏனென்றால் வந்த கூரை எதற்கும் உதவவில்லை. அலுமினியப் பட்டைகளைச் சாய்த்து வைத்த கூரை, கோடையில் மழையே இல்லாத கரைக்கு நிழல் தர அது போதும். அதன் மேல் திராட்சைக் கொடி ஏற்றினால் இன்னும் நல்லது, குளிர்காலத்தில் இலை உதிர்த்து வெயிலை உள்ளே விடும். ஏற்காட்டுக்குச் சித்திரையில் இடி மழை, ஆடி ஆவணியில் சாரல், ஐப்பசியில் அடைமழை. இதில் பட்டைக் கூரை என்ன செய்யும்? பட்டையை முழுக்க மூடினாலும் சாரல் பக்கவாட்டில் வருகிறது. இப்போது அதே தூண்களின் மேல் நல்ல சாய்வாகப் பாலிகார்பனேட் ஷீட் போட்டு, சாரல் பக்கம் ஒரு தட்டி இறக்கியிருக்கிறோம். தரையில் வாட்டம் ஏற்கெனவே நன்றாக இருந்ததால் தண்ணீர் நிற்பதில்லை. உங்கள் மாடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு மேடைக்கு இடம் குறியுங்கள்.

வெள்ளைக் கல் மேசை ஒரு எலுமிச்சம்பழத்துக்குத் தாங்கவில்லை. சுண்ணாம்பு வகைக் கல், புளிப்புப் பட்டால் மேல்பூச்சு அரித்து மங்கிவிடும். மஞ்சள்தூள் விழுந்த இடம் இன்னும் போகவில்லை. நம் சமையலுக்குக் கிரானைட்டை விட்டால் வேறு கல் கிடையாது. சேலத்தில் கிரானைட்டுக்குக் குறைவா என்ன. மலையில் கறுப்புக் கல்லே போடலாம். ஊருக்குள் வெயில் விழும் மாடியில் போடுபவர்கள் வெளிர் நிறமாக எடுங்கள், சித்திரை மத்தியானத்தில் கறுப்புக் கல்லில் கை வைக்க முடியாது.

குரங்கு! கேட்லாக் எழுதியவருக்கு இது தோன்றியே இருக்காது. ஐரோப்பாவில் ஜிப்ரால்டர் பாறையில் மட்டும்தான் குரங்கு தன்னிஷ்டத்துக்குத் திரிகிறது. எங்கள் மாடிக்குக் கேட்காமலே வருகிறது. இழுப்பறைகளுக்குக் காந்தப் பூட்டு, மெல்லத் தட்டினால் தானாகத் திறக்கும் நவீனம். அவர்கள் இரண்டாம் நாளே கற்றுக்கொண்டார்கள். சர்க்கரை டப்பாவும் ஆலிவ் எண்ணெய்ப் பாட்டிலும் சரிவில் போயின. பையன் பட்டறையில் எல்லாக் கதவுக்கும் பழைய மாதிரித் தாழ்ப்பாள் அடித்துக் கொண்டுவந்து மாட்டினான். அழகு கொஞ்சம் குறைந்துவிட்டது என்று சம்பந்திக்கு வருத்தம்தான்.

ஃபிரிட்ஜ் தேவையில்லை, சமையலறை பத்தடியில் இருக்கிறது. சிங்க் நல்ல ஆழம், அகலம். மீன் கழுவ இதைவிட வசதி கிடையாது, எண்ணெய்த் தண்ணீருக்கு மட்டும் ஒரு வடிகட்டித் தொட்டி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போடும் பிளக் எல்லாம் தூசியும் தண்ணீரும் புகாத, மூடி போட்ட ஐபி 65 வகையாகவும், லைனில் கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியும் இருக்கட்டும். ஈரக் கையோடு புழங்கும் இடம்.

சேவை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது என்று தெரிந்தேதான் விலை பேசினார்கள், ஆனால் சாமானை அடிவாரத்தில் இறக்கிவிட்டு மேலே ஏற்றத் தனிக் காசு கேட்டார்கள். பொருத்த வந்த பையன்கள் மரியாதையானவர்கள், வேலை சுத்தம், சொல்லிக் கொடுத்ததற்கு மேல் தெரியவில்லை. விற்ற பிறகு போன் எடுக்கும் பழக்கம் அந்த அலுவலகத்துக்கு இல்லை.

மலையிலோ சேலத்திலோ போட நினைப்பவர்களுக்கு என் யோசனை இதுதான். அந்த இரும்புக் கல்லைத் தனியாக விற்கிறார்கள், அதை மட்டும் வாங்குங்கள். மேடை, சிங்க், சிலிண்டர் அறை மூன்றையும் நல்ல பட்டறையில் 304 ஷீட், 18 கேஜ் கனத்தில் அளவு கொடுத்துச் செய்யுங்கள், உள்ஜாயின்ட்டைச் சுத்தம் செய்து தரச் சொல்லி முதலிலேயே பேசிவிடுங்கள். கரி அடுப்பு ஒன்று, கிரானைட் மேசை, மழை தாங்கும் கூரை. ஒன்பது லட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடியும் என்பது பட்டறைக்காரனின் கணக்கு.

சம்பந்தியின் அண்ணன் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து வீடு கட்டுகிறார். இதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் வேண்டும் என்கிறார். அவருக்கு வேறு பதில் சொன்னேன். அங்கே 316-ஐத் தவிர வேறு எதையும் பார்க்காதீர்கள், பர்னரின் காற்றுத் தகட்டைத் தொடாதீர்கள், கூரைக்கு அடியில் உள்ள ஸ்டீலை வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அலுமினியப் பட்டைக் கூரை அங்கேயும் வேண்டாம், வடகிழக்குப் பருவத்துக்கு அது நிற்காது. மேசைக் கல்லை நான் சேலத்திலிருந்தே லாரியில் அனுப்பிவிடுகிறேன்.